சோபிஸ்டுகள் விட்டுச்சென்ற வினாக்கள்

‘சோபிஸ்டு’ என்னும் கிரேக்கச் சொல் முதற்கண் அறிஞன், கைதேர்ந்தவன் என்னும் பொருளையே தந்தது. இன்றோ அது பொய்யை மெய்போலக் காட்டி வாதிப்போனுக்குரிய வசைப்பெயராக வழங்குகின்றது. புகழ்ப்பெயர் பழிப்பெயரான காரணத்தையும், அப்பழிக்குள்ளானோர் எழுப்பிய வினாக்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகட்குப்பின் ஐரோப்பாவில் மீண்டும் தலையெடுத்த வரலாற்றையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

கி. மு. 5-ம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் குடியாட்சி ஓங்கியிருந்தது. பொதுச்சபையில் சட்டம் வகுப்பதும், நியாயசபையில் தீர்ப்பளிப்பதும் குடிகளின் கையிலேயே இருந்தன. வழக்குடையோன் தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தல் வேண்டும்; நாவன்மையில்லாதான் பொருளையும் உரிமையையும் இழக்க நேரும். இத்தேவையறிந்து, நகர்தோறும் சென்று ஊதியம் பெற்றுக் கற்பித்த ஆசிரியர்களே சோபிஸ்டுகள். அப்தேரா நகரத்துப் புரோட்டகோரஸும், சிசிலித் தீவின் லியோந்தினி நகரினின்று கி. மு. 427-ல் ஏதென்ஸுக்குத் தூதராய் வந்த கோர்கியஸும் இவருள் தலைசிறந்தோர்.

இவர் கூறியவற்றுள் மூன்று நம் கருத்திற்குரியன. பொருள்களை அளந்தறிதற்குரிய கோல் மனிதனே என்பது ஒன்று. வீசுகின்ற காற்று ஒருவனுக்குக் குளிர்ந்தும் மற்றொருவனுக்குக் குளிராதும் தோன்றுமாயின், இருவருணர்வும் அவரவர்க்கு மெய்யேயாம். எவ்விஷயத்திற்கும் ஒன்றற்கொன்று மாறான இரு வாதங்கள் உண்டென்பது இரண்டாவது. நீதியும் சட்டமும் நெருப்பைப்போல எங்கும் ஒரு தன்மையவான இயற்கையோ, அன்றி மக்கள் தம்முள் உடன்பட்டு வகுத்த ஏற்பாடோ என்னும் வினா மூன்றாவது.

இவர்தம் நூல்களுட் பெரும்பாலன அழிந்தொழிந்தன. எஞ்சியவற்றையன்றி, நாம் இவர்களை அறிவது பெரிதும் இவரை எதிர்த்த பிளேட்டோவின் உரையாடல்கள் வாயிலாகவே. அறிவை விலைக்கு விற்போரென்றும், உண்மையை நாடாது வெற்றியை நாடுவோரென்றும் அவர் இவரைக் கடிந்தார், வசைப்பெயர் நிலைத்தது. ஆயினும், மறுத்தற்பொருட்டு அவர் எடுத்தெழுதிய வாதங்களும் உடன் நிலைத்தன.

பிளேட்டோவின் நூல்களனைத்தையும் இலத்தீனில் பெயர்த்தவர் பிளாரென்ஸ் நகரத்து மார்சிலியோ பிசினோ ஆவர். அம்மொழிபெயர்ப்பு 1484-ல் அச்சேறியது. ஐயவாதியாகிய செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் இயற்றிய நூல்கள் 1562-லும் 1569-லும் இலத்தீனில் வெளிவந்தன. புரோட்டகோரஸ், கோர்கியஸ் இருவர்தம் கொள்கைகளும் அவற்றுட் காணப்படும். ஒரு பொருளை இருதிறத்தும் வாதிக்கும் பயிற்சியோ, சிசரோ முதலிய உரோமரின் நூல்கள் வாயிலாகப் பள்ளிகளிற் புகுந்தது.

பிரான்ஸு தேசத்து மான்டேயின் தம் கட்டுரைகளை 1580-ல் முதன்முதல் வெளியிட்டார். புலன்கள் ஏமாற்றுதலையும், ஒரு நாட்டில் அறமெனப்படுவது மற்றொரு நாட்டில் குற்றமெனப்படுதலையும் அவர் விரித்துக் காட்டினார். எனினும் அவர் புரோட்டகோரஸின் மாணவரல்லர். தன் அளவையே அறியாத மனிதனை அனைத்திற்கும் அளவாக்குதல் நகைப்பிற்கிடமென்பது அவர் கருத்து. அவருடைய ஐயம் செருக்கை அடக்கிப் பிறர்பால் பொறுமையை வளர்த்தது.

மூன்றாவது வினாவை ஆங்கிலரான தாமஸ் ஹாப்ஸ் கையேற்றார். சோபிஸ்டுகளின் காலத்தவரான துசிடிடீஸின் வரலாற்றை அவர் 1629-ல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். பொதுவான அதிகாரமில்லாத நிலையில் நீதியும் அநீதியும் இல்லை; உடன்படிக்கையும் அதனைக் காக்கும் அரசும் தோன்றிய பின்னரே அவை பொருளுடையனவாம் என்று 1651-ல் வெளியான ‘லெவியதான்’ நூலில் நிறுவினார். நீதி மக்களது உடன்பாட்டிற் பிறந்ததென்னும் இக்கருத்துப் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலேயே ஒரு கட்சியாக எடுத்துரைக்கப்பட்டதன்றோ? ஆயினும் ஹாப்ஸ் அறிவொடு கூடாத நாவன்மையைப் பெரிதும் அஞ்சினார். அது கலகத்திற்கு வித்தென்பது அவர் துணிபு.

ஆகவே, பிற்காலத்தார் சோபிஸ்டுகளிடமிருந்து பெற்றவை முடிவுகளல்ல. வினாக்களே என்பது பெறப்படும். வினாவை ஏற்றோரும் விடையில் வேறுபட்டனர். மாறுபட்ட கட்சியையும் அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்கப் பயிலுதல் மாணவர்க்கு இன்றியமையாதது. ஆயின், இரு கட்சியும் பேச வல்லமென்பதனால் இரண்டும் ஒக்குமென்று கருதுதல் பொருந்தாது. பேசி முடித்தபின் எது தக்கதெனத் துணிதல் நம் கடனாகும். அத்துணிவு இல்லாதவிடத்துப் பிளேட்டோவின் பழி நமக்கும் உரியதாகிவிடும்.