கண்ணாடித் துகள் கூறுஞ் சான்று

ஒளியியல் பயின்ற நாளில் நாம் அனைவரும் கண்ணாடிக் குற்றியொன்றை வெள்ளைத்தாளின்மீது வைத்து, இப்புறம் இரண்டும் அப்புறம் இரண்டுமாகக் குண்டூசிகளை நாட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை ஒரே நேர்கோட்டில் வரச்செய்ய முயன்றிருக்கிறோம். படுகோணத்தின் சைனை முறிகோணத்தின் சைனால் வகுக்க வருவது முறிவுச்சுட்டி. விடை 1.5க்கு அண்மையாக வந்தால் மகிழ்ந்தோம். வராதபோது சிலர் கோட்டைச் சற்றே நகர்த்தியதும் உண்டு. அதே கணக்கு நீதிமன்றத்தில் ஒருவனுடைய விடுதலையையோ சிறைவாசத்தையோ தீர்மானிக்கத் துணைபுரிகின்றதென்பதை அன்று நாம் அறிந்திலோம்.

கடையொன்றின் சாளரம் இரவிலே உடைக்கப்பட்டதெனக் கொள்வோம். கண்ணாடி உடையும்போது துண்டுகள் உட்புறமாக மாத்திரம் விழுவதில்லை. நுண்ணிய துகள்கள் பின்னோக்கியும் தெறித்து, உடைத்தவனுடைய சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஐயத்தின்பேரில் பிடிபட்டவனுடைய சட்டையில் அத்தகைய துகளொன்று அகப்படுகின்றது. அரை மில்லிமீற்றரும் இராத அதற்கு இணையான முகங்கள் ஏது? குண்டூசி நாட்டுவது எங்ஙனம்? அன்றியும், சாளரக் கண்ணாடிகளில் பெரும்பாலனவற்றின் சுட்டி 1.51க்கும் 1.52க்கும் இடையே அமைவதால், நான்காம் ஐந்தாம் தசமதானங்களை அறிந்தாலன்றி ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்தறிதல் இயலாது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பது மிக எளியதோர் உண்மை. ஒளிபுகு பொருளொன்றை அதே முறிவுச்சுட்டியுடைய திரவத்தில் அமிழ்த்தினால், எல்லையில் ஒளி வளையாது. ஆகவே பொருள் கண்ணுக்குப் புலப்படாது மறையும். போரோசிலிக்கேற்றுக் கண்ணாடிக் கோலைக் கிளிசரினில் இட்டுப் பார்த்தவர் இதனை அறிவர். ஆய்வாளர் துகளைச் சிலிக்கோன் எண்ணெயில் இட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கின்றனர். சுட்டிகள் வேறுபடும்வரை துகளின் ஓரத்தில் ஓர் ஒளிக்கோடு தோன்றும். ஒஸ்திரிய கனிப்பொருளியலறிஞர் பிரீட்ரிக் பெக்கேயின் பெயரால் அது பெக்கேக் கோடு எனப்படும். காட்டியின் குழாயை மெல்ல உயர்த்தினால், அக்கோடு சுட்டி கூடிய பக்கத்தை நோக்கி நகரும்.

இனி எண்ணெயைச் சூடாக்குகின்றனர். ஒரு பாகை செல்சியசு ஏறுந்தோறும் எண்ணெயின் சுட்டி ஏறத்தாழ 0.0004 குறைய, கண்ணாடியின் சுட்டியோ மாறாததுபோலவே நிற்கும். எவ்வெப்பநிலையில் கோடு மறைகின்றதோ அதனைக் குறித்துக்கொண்டு, சுட்டி தெரிந்த கண்ணாடிகளைக்கொண்டு முன்னரே வரைந்த வரைபிலிருந்து துகளின் எண்ணைப் பெறுகின்றனர். நிறத்துக்கு நிறம் முறிவு வேறுபடுதலால், சோடிய மஞ்சளின் 589 நானோமீற்றர் அலைநீளமே வழக்கமாகக் கொள்ளப்படும். முன்னாளில் மனிதக்கண் செய்த இவ்வேலையை இன்று ஒளிப்படக் கருவியும் கணினியும் செய்கின்றன. களைத்த கண்ணின் பிழை இதனால் நீங்கிற்று.

நிற்க. எண்கள் ஒத்தன, பிடிபட்டவனே குற்றவாளி எனலாமோ? இங்கேதான் நாம் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். எண்கள் தெளிவாக வேறுபட்டால், அத்துகள் அச்சாளரத்தினது அன்று எனத் துணிந்து கூறலாம். ஒரே தகட்டிலும் இடத்துக்கிடம் சிறு வேறுபாடு உண்டாதலால், சாளரத்திலிருந்து பல துண்டுகளை எடுத்து அளந்த பின்னரே அதனையும் கூறவேண்டும். எண்கள் ஒத்தாலோ, கூறத்தக்கது 'வந்திருக்கலாம்' என்பது மாத்திரமே. உருகிய வெள்ளீயத்தின்மீது கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை 1959இல் பில்கிங்டன் கம்பனியார் உலகுக்கு அறிவித்தனர். அம்முறை பரவியபின் சாளரக் கண்ணாடிகள் பலவும் ஒன்றையொன்று மிக நெருங்கிய சுட்டியுடையனவாயின. நூறு சாளரங்களில் ஐந்து அதே சுட்டியுடையனவெனக் கொண்டால், பத்தாயிரம் சாளரமுள்ள நகரில் ஐந்நூறு ஒத்து நிற்குமன்றோ?

ஆங்கிலப் புள்ளிவிபரவியலறிஞர் டெனிஸ் லின்ட்லி 1977இல் இப்பிரச்சினையையே எடுத்து ஆராய்ந்தார். 'ஒத்ததா, இல்லையா' என்று கேட்டு நின்றுவிடலாகாது. துகள் அச்சாளரத்தினின்று வந்திருப்பின் இவ்வளவீடு கிடைக்கும் நிகழ்தகவு யாது, வேறிடத்தினின்று வந்திருப்பின் யாது என்னும் இரண்டின் விகிதத்தையே காணவேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. சட்டத்தரணிகளாய் விளங்கும் நம் பழைய மாணவர் குறுக்கு விசாரணையில் கேட்கவேண்டிய வினாவும் இதுவே.

சுட்டி ஒத்தவிடத்து, இன்று லேசர்க் கதிரால் துகளின் ஒரு சிறு பகுதியை ஆவியாக்கி, அதிலுள்ள மிகச் சிற்றளவான மூலகங்களையும் அளந்து மேலும் பிரித்தறிகின்றனர். ஆயினும், 'இத்துண்டு இச்சாளரத்தினதே' என ஐயமறக் கூறுதற்கு, உடைந்த ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தக் காணவேண்டும். சட்டையிலிருந்து உதிரும் துகளுக்கு அவ்வாய்ப்பு அரிது.