வீட்டில் உழைக்கும் உம்மாவின் மணித்தியாலத்துக்கு என்ன விலை?

வீட்டுச் செலவு கூடிக்கொண்டு போகிறது, கடை வருமானம் அதற்கேற்பக் கூடவில்லை. மனைவி வீட்டிலிருந்தபடியே ஏதாவது ஒரு தொழிலைச் செய்தால் மேலதிகமாக நாலு காசு வருமே என்ற எண்ணம் நமது சிறு வியாபாரிகளில் பலரிடம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த எண்ணம் இல்லாத வீடு குறைவு. எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டு வயதில் ஒன்று, நாலு வயதில் ஒன்று எனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுப்பவளும், அ, ஆ எழுதப் பழக்குபவளும் அதே உம்மாதான். தொழிலைத் தொடங்கும் போது இந்த வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2016 வரை இந்த எல்லை 14 வயதாக இருந்தது. ஆகவே இங்கு வீட்டில் வைத்துப் படிப்பிப்பது என்றால் பெரும்பாலும் பாடசாலைக்கு முந்திய ஐந்து வருடங்களையும், பாடசாலை விட்ட பின்னரான மாலை நேரத்தையுமே குறிக்கும். அந்த முதல் ஐந்து வருடங்கள் திரும்பி வருவதில்லை. தையல் மெஷினை அடுத்த வருடமும் வாங்கலாம்.

கடை வைத்திருக்கும் ஒருவர் எந்தப் பொருளை வாங்கினாலும் அடக்க விலை பார்த்துத்தான் வாங்குவார். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, உடைந்தது, பழுதானது எல்லாம் அவருடைய விரல் நுனியில் இருக்கும். அதே மனிதர் வீட்டில் நடக்கும் தொழிலுக்கு வரும்போது மாவையும் எண்ணெயையும் மட்டும் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் இலாபம் என்கிறார். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரி 100 ரோல்ஸ் செய்து, ஒன்று 60 ரூபா வீதம் தேனீர்க் கடை ஒன்றுக்குக் கொடுக்கிறார். வரவு 6,000 ரூபா. மா, இறைச்சி, கிழங்கு, முட்டை, ரஸ்க் தூள், எண்ணெய் எல்லாமாக 4,000 ரூபா. இலாபம் 2,000 ரூபா என்று வீட்டில் சந்தோஷம். இனி மாலையில் கடைக்காரர் எட்டு ரோல்ஸைத் திருப்பி அனுப்புகிறார். 480 ரூபா போயிற்று. கேஸுக்கு 300, பைக்கும் பேப்பருக்கும் 150, முச்சக்கரவண்டிக்கு 250. இவற்றையும் கழித்தால் கையில் நிற்பது 820 ரூபா. கிழங்கு அவித்தது முதல் சட்டி கழுவியது வரை ஐந்து மணித்தியாலம் போயிருந்தால், ஒரு மணித்தியாலத்துக்கு 164 ரூபா. கடையில் சாமான் தூக்கும் பொடியனுக்கு இந்தக் கூலியைச் சொல்லிப் பாருங்கள், மறுநாள் வரமாட்டான்.

இதனால் ரோல்ஸ் செய்யக்கூடாது என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. கணக்கைப் பார்த்த பிறகு எதை மாற்றலாம் என்பது தெரியவரும். திரும்பி வரும் எட்டையும் முச்சக்கரவண்டிச் செலவையும் நிறுத்தினாலே 820 ரூபா 1,550 ஆகிவிடும். அக்கம்பக்கத்து வீடுகளின் ஓடருக்கு மட்டும் செய்து, அவர்களே வந்து எடுத்துச் செல்லும்படி வைத்தால் இது நடக்கக்கூடியதே.

பாதியில் வைத்துவிட்டு எழும்பலாமா?

சிறு பிள்ளைகளுள்ள வீட்டுக்குத் தொழிலைத் தெரிவு செய்யும்போது இலாபத்துக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பிள்ளை விழுந்து அழுதால், கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு எழும்ப முடியுமா?

கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை அப்படி வைக்க முடியாது. நடக்கப் பழகும் பிள்ளை உள்ள வீட்டில் பகலில் பொரியல் வேலை நல்லதல்ல, வருமானம் எவ்வளவு வந்தாலும் சரி. ஆனால் அதே ரோல்ஸையும் சமோசாவையும் இரவில் பிள்ளைகள் உறங்கிய பின் சுற்றி, பொரிக்காமல் உறையவைத்து விற்கலாம். வாங்குபவர் தன் வீட்டில் பொரித்துக்கொள்வார். எண்ணெய்ச் செலவும் கேஸ் செலவும் அவருடையது. பழுதாகித் திரும்பி வருவதும் குறையும். மின்சாரத்தை நம்பியிருக்க வேண்டும் என்பது இதிலுள்ள ஆபத்து. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கேஸை நம்பியவர்களுக்கும் அதே கதிதான். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது, அதையும் வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டியிருந்தது. எனவே ஒரே வாரத்தில் விற்கக்கூடிய அளவுக்கு மேல் உறையவைக்காமலிருப்பது நல்லது.

சீனிச் சம்பல், அச்சாறு, வறுத்த மா, கறித்தூள் போன்றவை நாட்கணக்கில் இருக்கும். இன்று முடியாவிட்டால் நாளைக்குச் செய்யலாம். அபாயா, பர்தா தைப்பது நல்ல தொழில், ஆனால் வெட்டும் வேலையைப் பிள்ளை உறங்கும்போது செய்ய வேண்டும். கத்தரிக்கோலும் ஊசியும் தரையில் கிடக்கக்கூடாது. விளிம்பு மடிப்பது, கல் பதிப்பது போன்ற கைவேலையைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் செய்யலாம். மருதமுனையின் கைத்தறி வீட்டோடு சேர்ந்து வளர்ந்த தொழில்தான். வீடும் தொழிலும் சேர்ந்திருப்பது நமது சமூகத்துக்குப் புதிதல்ல.

கேக் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 2020இல் ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு கேக் செய்யத் தொடங்கினார்கள். ஒரே ஒழுங்கையில் நாலு பேர் ஒரே கேக்கைச் செய்தால் விலை விழும் என்பதை வியாபாரிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் மிகச் சிறந்ததாகக் கருதுவது வேறொன்று. தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் உம்மா, அதே வயதில் அயல்வீட்டுப் பிள்ளைகள் மூன்று நாலு பேரையும் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு மணித்தியாலம் எழுத்து, எண், சிறிய சூராக்கள், கதை, படம் கீறுதல். இதில் மூலப்பொருள் இல்லை, பழுதாவதில்லை, திரும்பி வருவதில்லை. கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். மற்றத் தொழில்கள் தன் பிள்ளையின் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன, இதில் மட்டும் அந்த நேரம் பிள்ளைக்கே போகிறது. உம்மா தனியாகச் சொன்னால் கேளாத பிள்ளை, நாலு பேர் உட்கார்ந்தால் தானும் உட்கார்ந்துவிடும். ஆனால் நாலு பேர் என்பது பதினாலு பேராகிவிடக்கூடாது. அப்போது அது முன்பள்ளி. முன்பள்ளிகள் மாகாண சபைகளின் கீழ் வருபவை, பதிவும் இட வசதியும் பயிற்சியும் கேட்கப்படும். உணவுப் பண்டம் செய்து விற்பவர்களும் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே சந்தித்துவிடுவது நல்லது. யாரோ முறைப்பாடு செய்த பின் அவர் வாசலுக்கு வருவதை விட அது மேல்.

வாங்கும் முதலாளிகளுக்கு

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலர் இத்தொழிலில் இரண்டு பக்கமும் நிற்பவர்கள். உங்கள் மனைவியின் பண்டம் இன்னொருவரின் கடைக்குப் போகிறது, இன்னொருவரின் மனைவியின் பண்டம் உங்கள் கடைக்கு வருகிறது. வீட்டுத் தொழில்கள் ஆறு மாதத்தில் நின்று போவதற்கு நான் காணும் பெரிய காரணம் செய்பவரின் திறமைக் குறைவல்ல, கடைகளின் வழக்கம்தான். விற்றதற்கு மட்டும் காசு, மிஞ்சியது திரும்பிப் போகும். அந்தக் காசும் மாத முடிவில், அதுவும் இரண்டு தடவை ஆள் அனுப்பிய பிறகு. பெரிய கம்பனியின் பிஸ்கட் வண்டிக்கு ரொக்கம் எண்ணிக் கொடுக்கும் கை, இடியப்பம் அவித்துத் தரும் விதவைத் தாத்தாவுக்குக் கொடுக்கும்போது மட்டும் சுருங்குவது ஏன்? கம்பனி கடன் தராது, தாத்தா கேட்க வெட்கப்படுவார். அதுதான் வித்தியாசம்.

எத்தனை விற்கும் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும், செய்பவருக்குத் தெரியாது. ஆகவே விற்கும் அளவைச் சொல்லி எடுத்து, எடுத்ததற்கு அன்றே காசு கொடுப்பதே நீதி. அன்றே முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, ஒரு சிறு கொப்பியில் இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான்.

காசு யாருடையது?

குடும்பத்துக்குச் செலவு செய்வது கணவனின் கடமை. மனைவி சம்பாதிப்பது மனைவிக்குரியது. பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குரிய பங்கை ஸூரா அந்நிஸாவின் 32ஆம் வசனம் உறுதிப்படுத்துகிறது. மனைவி விரும்பி வீட்டுக்குச் செலவழித்தால் அது அவருடைய நன்மை. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) தன் கணவருக்கும் தன் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது பற்றிக் கேட்டபோது, அதற்கு இரட்டைக் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. செலவிட்டால் நன்மை என்பதற்கும் கணவன் கேட்காமல் எடுக்கலாம் என்பதற்கும் தூரம் அதிகம். கடைக்குச் சரக்கெடுக்க அவசரத்துக்கு அந்தக் காசை எடுத்தால் அதுவும் கைமாற்றுத்தான். அதையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள்.

மெஷின் வாங்க, ஃப்ரீஸர் வாங்க என்று வட்டிக்கு வாங்கி வீட்டுத் தொழிலைத் தொடங்க வேண்டாம். ஹராம் என்பது முதற் காரணம். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்கு, இந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல், தைக்கவில்லை என்று சொன்னால் ஏற்கமாட்டார் என்பது இரண்டாவது. கடன் சுமை அந்த அளவுக்கு ஏறியதால்தான் 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது. இருக்கும் அடுப்போடும், இரவல் மெஷினோடும், வட்டியில்லாத சீட்டுக் காசோடும் தொடங்கலாம்.

தொழில் வளர்ந்தால் ஸகாத்தும் வரும். அது மனைவியின் பெயரில் வரும் ஸகாத், கணவனின் கடைக் கணக்கில் அடங்காது. சந்திர வருட முடிவில் கையிலுள்ள காசு, விற்பதற்காக வைத்திருக்கும் துணி, தைத்து முடித்த அபாயா ஆகியவற்றின் பெறுமதி 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை எட்டினால் இரண்டரை வீதம். தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் ஸகாத் இல்லை.

றமழானைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சமோசாவுக்கும் கட்லட்டுக்கும் ஓடர் குவியும் மாதம் அது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் நிற்கும் மாதமும் அதுவே. உம்மாவும் நோன்போடு இருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை ஓடர் என்பதை ஷஃபானிலேயே எண் சொல்லி முடிவு செய்து, அதற்கு மேல் வருபவற்றை மறுத்துவிட வேண்டும். அஸருக்குப் பிறகு பொரியல் என்றால் அந்நேரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொள்பவர் யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் முன்னதாக வீட்டுக்கு வரக்கூடிய வாப்பா என்றால், அந்த வீட்டில் இன்னும் இருபது சமோசா கூடுதலாக ஓடர் எடுக்கலாம்.