பேட்டரி மட்டுமா காரணம்?

 விழுப்புரம்–செஞ்சி தடத்துக்கு மின்சாரப் பேருந்து சரிவருமா என்று கேட்டால், "பாதி வழியில சார்ஜ் தீர்ந்துடும்" என்பார்கள்.

தீராது. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 மின்சாரப் பேருந்துகள் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடக்கூடியவை. செஞ்சிக்கு இரண்டு முறை போய்த் திரும்பலாம். ஆனால் வெளியூர்ப் பேருந்து நாள் முழுக்க ஓடினால்தான் கட்டுப்படியாகும். மூன்றாவது நடைக்கு முன்னால் சார்ஜ் ஏற்றப் பணிமனையில் இடமும் உயரழுத்த மின் இணைப்பும் வேண்டும். தடை அங்கேதான்.

டீசலிலிருந்து சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாறியபோது டெல்லியும் இதே தடையைப் பார்த்தது. காற்று மாசுமீதான அக்கறையில் போக்குவரத்துக் கழகங்கள் தாமாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தக் கதையைப் படிக்க வேண்டும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த காற்று மாசு வழக்கில், 2001 மார்ச் 31க்குள் எல்லாப் பேருந்துகளும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் உத்தரவிட்டது. நீதிமன்றமே சொல்லியும், எரிவாயு நிரப்பும் நிலையங்கள் போதாமல் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2002 டிசம்பரில்தான் மாற்றம் முடிந்தது.

"மின்சாரப் பேருந்துக்குச் செலவு அதிகம்" என்பது பாதி உண்மை. விலை அதிகம்; ஓட்டும் செலவு குறைவு. எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் தேய்மானம் இல்லை. ஆனால் மிச்சமாகும் பணம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், விலையை முதலிலேயே கட்ட வேண்டும். நட்டத்தில் ஓடும் கழகத்திடம் அந்த முதல் இல்லை. அதனால்தான் சென்னையில் வேறு வழி: பேருந்தும் பராமரிப்பும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்துடையவை, நடத்துநர் கழகத்தவர். ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தருகிறது.

இதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தபோது, புதுமை பிடிக்காதவர்கள் என்று சிலர் பேசினார்கள். அநியாயமான பேச்சு. அவர்கள் எதிர்த்தது பேட்டரியை அல்ல, நிரந்தர ஓட்டுநர் வேலை ஒப்பந்த வேலையாவதை.

2030க்குள் அரசுப் பேருந்துகளில் 30 சதவீதம் மின்சாரமாக வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை. செஞ்சி மக்கள் பேட்டரியைப் பற்றி விசாரித்தது போதும். செஞ்சி பணிமனைக்கு மின் இணைப்பு எப்போது, அங்கே ஓட்டுநர் யாருடைய ஊழியர் என்று கேளுங்கள்.