பகல் வெயிலை இரவுக்குச் சேமித்தல்

ரப்பர் மரத்தின் பால் அதிகாலையில் மிகுதியாக வடிகிறது. கவனியாது விட்டால் சில மணி நேரத்தில் அது வாளியிலேயே உறைந்துவிடும் என்பதையும், திரவமாகவே காத்து ஆலைக்கு அனுப்ப வேண்டுமாயின் அமோனியா கலக்க வேண்டும் என்பதையும் நாம் அறிவோம். பொருள் கிடைக்கும் வேளை ஒன்று; அது தேவைப்படும் வேளை மற்றொன்று. இடைப்பட்ட நேரத்தில் அதனைக் கெடாமல் காப்பது தனியொரு வேலை.

சூரிய சக்தியின் நிலையும் இதுவேயாகும். வெயில் பகலில் கிடைக்கிறது. விளக்கோ இரவில் வேண்டும். வெயிலுக்கு விலை இல்லை. ஆனால் அதனைச் சேமித்து வைக்கப் பணமும் பராமரிப்பும் தேவைப்படுகின்றன. வளரும் நாடுகள் சில இதனை எவ்வாறு செய்துள்ளன, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று வழிகள்

முதலாவது வழி, நீரை மேலேற்றி வைத்தல். தமிழ்நாட்டின் ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் பொறி 1987-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து நீரை மேல் நீர்த்தேக்கத்திற்கு ஏற்றுகிறார்கள். மின்சாரம் தேவைப்படும் வேளையில் அந்நீரைக் கீழே பாயவிட்டுப் பொறிகளைச் சுழற்றுகிறார்கள். இத்தகைய நிலையங்களில் நான்கு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டால் ஏறத்தாழ மூன்று பங்கே திரும்பக் கிடைக்கும். ஆயினும், வேண்டும் வேளையில் கிடைக்கிறது என்பதே அதன் மதிப்பு.

இரண்டாவது வழி, வெப்பமாகச் சேமித்தல். மொரோக்கோ நாட்டின் வார்சாசாட் நகருக்கு அருகே, கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் உள்ளன. குவித்த வெப்பத்தின் ஒரு பகுதி, உருக்கிய உப்பு நிறைந்த பெருந்தொட்டிகளில் சேமிக்கப்படுகிறது. 2016-இல் திறக்கப்பட்ட முதல் நிலையம், சூரியன் மறைந்த பின்னும் மூன்று மணி நேரம் மின்சாரம் தரும் வகையில் அமைக்கப்பட்டது. 2024-இல் அங்குள்ள மூன்றாம் நிலையத்தின் உப்புத் தொட்டியில் கசிவு ஏற்பட்டமையால், அந்நிலையத்தை நெடுநாள் நிறுத்தி வைக்க நேர்ந்தது. கண்ணாடிகளில் குறையில்லை, சேமிக்கும் இடத்தில்தான் குறை தோன்றியது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது வழி, பேட்டரி எனப்படும் மின்கலம். குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும் வழி இதுவே.

வங்காள தேசத்தின் அனுபவம்

வங்காள தேசத்தில் மின்கம்பி எட்டாத கிராமங்கள் பல இருந்தன. மக்கள் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பி வாழ்ந்தனர். புகையும் தீ விபத்து அச்சமும் ஒருபுறம். மங்கிய ஒளியில் படிக்கும் பிள்ளைகளின் இடர்ப்பாடு மறுபுறம். 2003-இல் அந்நாட்டு அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனம் ஒன்று, தொண்டு நிறுவனங்களின் துணையுடன், வீடுகளுக்குச் சூரிய ஒளித் தகடும் மின்கலமும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்தார் ஒரு சிறு தொகையை முதலில் செலுத்தி, எஞ்சியதை மாதத் தவணையாகக் கட்டினர். பதினைந்து ஆண்டுகளில் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு ஒளி பெற்றன. பின்னர் மின்கம்பிகளும் கிராமங்களை எட்டின. 2022-இல் நாடு முழுவதும் மின்வசதி பெற்றுவிட்டதாக அரசு அறிவித்தது.

இத்திட்டம் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. ஒளித் தகடு இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதனுடன் தரப்பட்ட ஈய மின்கலமோ, நன்கு பேணினால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைக்கும். பேணாவிடில் ஓரிரு ஆண்டுகளிலேயே செத்துவிடும். தவணை முடியுமுன் மின்கலம் கெட்டால் அக்குடும்பத்திற்கு மிஞ்சுவது இருளும் கடனுமே.

மின்கலம் ஏன் கெடுகிறது?

ஈய மின்கலத்தினுள் ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. மின்சாரத்தை எடுக்க எடுக்க, தகடுகளின் மேல் ஈய சல்பேட் எனும் பொருள் படிகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அது கரைந்து மறைகிறது. ஆனால் மின்கலத்தை முற்றும் வடியவிட்டுப் பல நாட்கள் அப்படியே வைத்தால், அப்படிவு கெட்டியாகி நிலைத்துவிடும். அதன்பின் எவ்வளவு வெயில் அடித்தாலும் பழைய திறன் திரும்பாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட், 80 ஆம்பியர்-மணி அளவுள்ள மின்கலத்தில் 960 வாட்-மணி மின்சாரம் அடங்கும். அதில் பாதியை மட்டும் எடுப்பதே நல்லது. அதாவது 480 வாட்-மணி. ஐந்து வாட் விளக்குகள் நான்கினை ஐந்து மணி நேரம் எரித்தால் 100. இருபது வாட் தொலைக்காட்சியை மூன்று மணி நேரம் பார்த்தால் 60. ஆக ஓர் இரவுக்கு 160. மழை மூடி வெயில் இல்லாமற் போனாலும் மூன்று இரவுகளுக்குப் போதும். ஆனால் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு அந்த மூன்று இரவின் மின்சாரம் அரைமணி நேரத்திற்குக்கூடக் காணாது.

கவனத்திற் கொள்ள வேண்டியவை

1. மின்கலம் வடியும் அளவைத் தடுக்கக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது விளக்கை அணைத்துவிட்டால், அதனைத் தாண்டிக் கம்பி இழுத்து விளக்கெரிப்பது மின்கலத்தை நாமே கெடுப்பதாகும்.

2. நீர் ஊற்றும் வகையாயின், காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஆகாது.

3. மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவரும். ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். அருகில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. அமிலம் உடலிற் பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவி, மருத்துவரை நாட வேண்டும்.

4. பழைய மின்கலத்தை வீட்டில் உடைப்பதும் உருக்குவதும் பெருந்தீங்கு. ஈயத் தூளும் புகையும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக யூனிசெப் நிறுவனம் 2020-இல் அறிவித்தது. மின்கலங்களை முறையின்றி உடைத்து உருக்குவது அதற்கு ஒரு முக்கிய காரணம். பழையதை விற்ற கடையிலோ உரிமம் பெற்றவரிடமோ ஒப்படைப்பதே முறை.

இன்று லித்தியம் மின்கலங்களும் விற்பனைக்கு வந்துள்ளன. அவை எடை குறைந்தவை. அதிகம் வடித்தாலும் தாங்குபவை. நீர் ஊற்றத் தேவையில்லாதவை. ஆயினும் அவற்றிற்கு உரிய மின்னேற்றும் கருவியையே பயன்படுத்த வேண்டும்.

நமது நாட்டில் சரவாக்கின் உட்பகுதியிலுள்ள நீள வீடுகளுக்கு 2016 முதல் சூரிய ஒளித் தகடுகளும் மின்கலங்களும் அமைத்துத் தரப்பட்டு வருகின்றன. அங்கும், எந்நாட்டிலும், அமைத்தவர் திரும்பிச் சென்றபின் கருவியுடன் இருப்பவர்கள் அவ்வீட்டாரே. விளக்கு எத்தனை ஆண்டு எரியும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பில் பெரும்பகுதி அவர்களிடமே உள்ளது. ஆகவே இத்தகைய கருவியை வாங்க எண்ணுவோர், தகட்டின் விலையை மட்டும் விசாரித்து நின்றுவிடாமல், மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும், உத்தரவாதம் எவ்வளவு, மாற்ற என்ன செலவாகும், பழையதை யார் திரும்ப எடுப்பார் ஆகிய நான்கையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கேனும் அதனைப் பேணும் முறை தெரிந்திருத்தல் இன்றியமையாதது.