கைத்தொலைபேசிக் கதிர்ப்பும் மூலிகைக் குளிசைகளும்

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எமது கிராமங்களிலும் அரிதாகிவிட்டது. அதனோடு கூடவே ஓர் அச்சமும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த அச்சத்தை நம்பி ஒரு வியாபாரமும் உலகெங்கும் வளர்ந்துள்ளது. "கதிர்வீச்சிலிருந்து உடலைக் காக்கும்" என்று கூறி, தாவரச் சாறுகள் குளிசைகளாகவும் தூள்களாகவும் விற்கப்படுகின்றன. நாளாந்தக் கூலியில் வாழும் குடும்பமொன்று இதற்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? விஞ்ஞானம் இதுவரை கண்டதைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில், கதிர்ப்பு என்ற சொல்லே எம்மைக் குழப்புகிறது. எக்ஸ் கதிரும் கதிர்ப்பு, வெயிலும் கதிர்ப்பு, வானொலி அலையும் கதிர்ப்பு. எக்ஸ் கதிரின் ஒரு சக்திச் சொட்டு கலத்தினுள் இருக்கும் இரசாயனப் பிணைப்பை உடைக்க வல்லது. 900 மெகாஹேர்ட்ஸ் மீடிறன் கொண்ட தொலைபேசி அலையின் ஒரு சக்திச் சொட்டோ, அதற்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கையே கொண்டது. ஆகவே அது பிணைப்பை நேரே உடைப்பதில்லை. உறுதியாக அறியப்பட்ட விளைவு, இழையங்களைச் சிறிதளவு சூடாக்குவதே. இதனை மட்டுப்படுத்தவே தலையின் பத்து கிராம் இழையம் உறிஞ்சும் அளவு கிலோ கிராமுக்கு 2 வாற்றைத் தாண்டக்கூடாது என ஐரோப்பாவில் எல்லை வகுத்துள்ளனர்.

அப்படியானால் உடலில் வேறு எதுவுமே நடப்பதில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2011இல் அமெரிக்காவில் 47 பேரின் காதுகளில் தொலைபேசியை வைத்து 50 நிமிடம் இயக்கிப் பார்த்தார்கள். அன்ரெனாவுக்கு அருகிலுள்ள மூளைப் பகுதி குளுக்கோசைப் பயன்படுத்தும் அளவு ஏறத்தாழ 7 வீதம் கூடியிருந்தது. இது ஒரு விளைவு. தீங்கு என்று யாரும் நிரூபிக்கவில்லை. விளைவையும் தீங்கையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் விற்பனைக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

அதே 2011ஆம் ஆண்டு மே மாதத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இவ்வலைகளை "புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்" என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. இப்பிரிவு சான்று எவ்வளவு பலமானது என்பதைக் குறிக்குமேயன்றி ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் குறிக்காது. 2018இல் வெளிவந்த அமெரிக்க அரச ஆய்வில், நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலம், முழு உடலிலும், இரண்டு ஆண்டுகள் இவ்வலைக்கு உட்படுத்தப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் காணப்பட்டன. ஆனால் அந்த எலிகள் கதிர்ப்புப் படாத எலிகளிலும் பார்க்கக் கூடிய காலம் உயிர் வாழ்ந்தன! மனிதரைப் பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான மீளாய்வோ, தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

இனி மூலிகைக்கு வருவோம். எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளே இவ்விளம்பரங்களுக்கு ஆதாரம். 2004இல் துருக்கியில் நடந்த ஆய்வொன்று இதற்கு நல்ல உதாரணம். ஏழு நாட்கள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் 900 மெகாஹேர்ட்ஸ் தொலைபேசியின் அருகே வைக்கப்பட்ட எலிகளின் மூளையில் ஒட்சியேற்றச் சேதத்தின் அடையாளங்கள் கூடின. கிங்கோ என்னும் சீன மரத்தின் இலைச் சாறு கொடுக்கப்பட்ட எலிகளில் அவை தடுக்கப்பட்டன. ஆய்வில் குறை காண்பது எமது நோக்கமன்று. ஆனால் சிறிய எலியின் தலைக்கும் மனிதத் தலைக்கும், ஏழு நாட்களுக்கும் ஓர் ஆயுளுக்கும் இடையில் பெருந்தூரம் உண்டு. மனிதரில் இச்சாறு தொலைபேசியினால் வரும் எந்த நோயையும் தடுத்ததாக நிரூபிக்கப்படவில்லை. நோயே நிரூபிக்கப்படாதபோது தடுப்பை எப்படி நிரூபிப்பது?

வேடிக்கை என்னவெனில், அதே புற்றுநோய் முகவரகம் பின்னர் கிங்கோ இலைச் சாற்றையும், கற்றாழையின் முழு இலைச் சாற்றையும் 2பி பிரிவிலேயே சேர்த்தது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் பெருமளவில் கொடுத்துப் பார்த்தபோது கட்டிகள் வந்தமையே காரணம். தொலைபேசி இருக்கும் அதே பட்டியலில் அதற்கு "மாற்று மருந்தும்" இருக்கிறது. 2பி என்றால் நடுங்க வேண்டும் என்போர் போத்தலைக் கண்டும் நடுங்க வேண்டும்.

தாவரம்தானே, தீங்கு செய்யாது என்பாரும் உளர். கரட், பூசணி, மாம்பழம் ஆகியவற்றிலுள்ள பீற்றா கரோட்டின் என்னும் நிறப்பொருளின் கதையை அவர்கள் கேட்க வேண்டும். இது புற்றுநோயைத் தடுக்கும் என நம்பி, பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களைக் கொண்டு பெரும் ஆய்வொன்று நடந்தது. 1994இல் முடிவு வெளியானபோது, நாளாந்தம் 20 மில்லிகிராம் குளிசையாக எடுத்தோரில் சுவாசப்பைப் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போர் முதலானோருக்கு இதனை விற்றமின் ஏயுடன் கொடுத்த ஆய்வை 1996இல் இடைநடுவில் நிறுத்தினார்கள். கறியில் பூசணி சாப்பிட்டவருக்கு இப்படி நேரவில்லை. ஒரு பொருளைத் தனியே பிரித்துப் பெருமளவில் கொடுக்கும்போது அது உணவல்ல, மருந்து. வல்லாரைச் சம்பலையும், முருங்கை இலை வறையையும், பொன்னாங்காணியையும் வீட்டில் தாராளமாக உண்போம். அவை தொலைபேசிக்கான பரிகாரம் என்பதற்காக அல்ல. இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் விற்றமின்களும் எமது பிள்ளைகளுக்கு எப்படியும் வேண்டும் என்பதற்காக.

இதன் பின்னரும் அலையைக் குறைக்க விரும்புவோருக்குச் செலவில்லாத வழி உண்டு. தூரம் கூடக்கூட அலையின் செறிவு விரைவாகக் குறைகிறது. ஒலிபெருக்கியில் அல்லது செவிப்பன்னியில் பேசினால் போதும். சமிக்ஞை குறைந்த இடத்தில் தொலைபேசி தன் வலுவைக் கூட்டியே கோபுரத்தை எட்டுகிறது. எனவே அங்கு நீண்ட நேரம் பேசாமல் இருப்பது நல்லது. கோபுரம் வேண்டாமென மறியல் செய்யும் ஊர்களில் இதனையும் எடுத்துச் சொல்ல வேண்டும்: கோபுரம் தொலைவானால் காதோடு ஒட்டிய கருவிதான் கூடிய வலுவில் வேலை செய்யும்.

ஒரு விடயத்தில் மட்டும் அவசரம் உண்டு. இதய வால்வு மாற்றியோரும் குருதிக்கட்டி ஏற்பட்டோரும் வோபரின் குளிசை எடுப்பதுண்டு. அஸ்பிரின் எடுப்போரும் எம்மிடையே பலர். கிங்கோ இவற்றுடன் சேரும்போது குருதிப்பெருக்கு ஏற்படும் ஆபத்துக் கூடலாம். அத்தகையோர் வீட்டில் ஏதேனும் மூலிகைக் குளிசைப் போத்தல் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் அதனைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டவும். பெயரை நினைவில் வைத்துச் சொல்வது போதாது. போத்தலே வேண்டும், ஏனெனில் உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பது அதன் பின்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.