வீட்டிலேயே ஆல்பம்

கேள்வி: கிட்டார் வாசித்தபடி நாட்டுப்புறப் பாடல்கள் பாடுகிறேன். ஸ்டூடியோவுக்குக் காசில்லை. வீட்டிலேயே பதிவு செய்தால் எடுபடுமா?
– வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

பதில்: தாராளமாக. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம், 1982 ஜனவரியில் நியூஜெர்சி வீட்டில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்ததுதான். அதே பாடல்களைப் பிறகு இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தார், ஒட்டவில்லை. கேசட்டையே ஆல்பமாக்கினார்கள். (அதை உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுத் திரிந்தாராம், மனுஷன்!)

உங்களுக்கு எதிரி செங்கம் சாலை ஹாரன். பௌர்ணமி கிரிவலத்தன்று மைக்கைத் தொடவே வேண்டாம். மெத்தை, போர்வை கிடக்கும் அறையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, கிட்டாரின் கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஓரடி தள்ளி மைக்கை வையுங்கள். துளைக்கு நேரே வைத்தால் குமுறும். ஆசிரமத்து மயில் நடுவே அகவினால் இருந்துவிட்டுப் போகட்டும். புதுக் கம்பி மாட்டிய கையோடு மட்டும் பதியாதீர்கள், சுருதி இறங்கும்.