ஒரே ஃபைலுக்கு இரண்டு விலாசம்

லினக்ஸ் ஓடும்போது கர்னல் ஃபைல் இருப்பது /பூட் டைரக்டரியில். அதே ஃபைலை, மெஷின் கண் விழிக்கிற நேரத்தில் க்ரப் தேடுவது /@/பூட் என்ற இடத்தில். "ஒரே ஃபைல்தானே அண்ணே, நடுவிலே இந்த @ எங்கேயிருந்து வந்துச்சு?" என்று லேபில் ஜூனியர்கள் என்னைக் கேட்காத வாரமில்லை.

காரணம் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். 2009-ல் லினக்ஸ் 2.6.29-ல் சேர்ந்த இதில், ஒரே பார்ட்டிஷனுக்குள் பல சப்வால்யூம்கள் வைக்கலாம். ஒவ்வொன்றும் தனி மரம். எல்லாவற்றுக்கும் மேலே 5-ஆம் எண் கொண்ட மூல சப்வால்யூம். இந்த ஃபைல் சிஸ்டத்தில் போட்டால், உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர் சிஸ்டத்தை '@' என்ற சப்வால்யூமில் வைத்துவந்தது. கர்னலுக்கு 'சப்வால்=@' என்று முன்பே சொல்லிவிடுவதால், அதற்கு @தான் ரூட். அதற்கு மேலே உலகமே கிடையாது!

வீட்டுக்குள் இருப்பவரிடம் "அடுப்படியிலே இருக்கு" என்றால் போதும். தபால்காரருக்குத் தெரு, கதவு எண் எல்லாம் வேண்டுமே! க்ரப் அந்தத் தபால்காரர். மவுண்ட் என்கிற சங்கதியே அதற்கு இல்லை. 5-ஆம் மரத்தில் ஆரம்பித்து, பாதையிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் சிஆர்சி32சி ஹாஷ் போட்டு டைரக்டரியில் தேடும். கிடைத்த பதிவு சாதாரண ஐநோடைக் காட்டினால் அதே மரத்தில் நடக்கும். '@' மாதிரி வேறொரு மரத்தின் வேரைக் காட்டினால், அந்த மரத்துக்குத் தாவி, அதன் 256-ஆம் ஐநோடிலிருந்து தேடலைத் தொடரும். இந்தத் தாவலைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாகப் புரியும்.

"டிஃபால்ட் சப்வால்யூமை மாத்தினா க்ரப்பும் மாறாதா?" மாறாது. மூல க்ரப் அதைப் பார்ப்பதே இல்லை. (ஓப்பன்சூசே மட்டும் தன் க்ரப்பில் இதற்கென்று ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறது.) வம்பு இங்கேதான். அப்டேட்டுக்குப் பின் ஏதோ தகராறு. பழைய ஸ்னாப்ஷாட்டை டிஃபால்ட் ஆக்கி, கர்னல் வரியில் சப்வால்யூமைக் குறிப்பிடாமல் ரீபூட் செய்கிறோம் என்று வையுங்கள். க்ரப் @-க்குள் போய்ப் புதிய கர்னலை எடுக்கும். அந்தக் கர்னலோ பழைய ஸ்னாப்ஷாட்டை ரூட்டாக மவுண்ட் செய்யும். அங்கே இருப்பது பழைய கர்னலுக்கான மாட்யூல்கள். வைஃபை வராது, சவுண்ட் வராது. பையன்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிவிடுவார்கள், பாவம்!

எனக்குப் பிடித்த வழி வேறு. இப்போதைய @-க்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய நகல் ஒன்று எடுத்து அதற்கு @ என்று பெயர் வைப்பது. க்ரப் பெயரைத்தான் பார்க்கிறது, சப்வால்யூம் எண்ணை அல்ல. ஆகவே கர்னலும் மாட்யூலும் ஜோடி பிரியாமல் பழையதாகவே வரும். /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது; அது ஸ்னாப்ஷாட்டோடு திரும்பாது.

சந்தேகம் இருந்தால் 'க்ரப்-எம்கேரெல்பாத்' கமாண்டுக்கு /பூட் என்று கொடுத்துப் பாருங்கள். நான் சொன்ன அமைப்பில் /@/பூட் என்று பதில் வரும்.